டோரன்ட் ஓடும் வீட்டுக்கு எந்த ரவுட்டர்? பெரம்பலூர், அரியலூர் வீடுகளை வைத்து ஒரு குறிப்பு

"டோரன்ட் போட்டா வீட்டுல மொத்த நெட்டும் படுத்துடுது. நல்ல ரவுட்டரா ஒண்ணு சொல்லுங்க." இந்தக் கேள்வி பல வடிவத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் எல்லாரும் திருட்டுப் படம் இறக்குபவர்கள் இல்லை. ஒருத்தர் காப்புரிமை முடிந்த பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து பகிர்பவர். ஒருத்தர் கல்யாண வீடியோ எடிட்டர். ஒரு முகூர்த்தத்துக்கு 200 ஜிபி சேர்ந்துவிடும். இன்னொருத்தர் லினக்ஸ் வெளியீடுகளை இறக்கி, மற்றவர்களும் இறக்கிக்கொள்ள ராத்திரி பகலாக சீட் பண்ணுபவர்.

நானும் இந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். நான் பெரம்பலூரில் இருக்கிறேன், என்னோடு சேர்ந்து வேலை பார்க்கும் நண்பர் அரியலூரில். அவர் கல்வெட்டுகளையும் புதைபடிவங்களையும் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாண மாதிரி செய்கிறார். கங்கைகொண்ட சோழபுரம் ஒரு பக்கம், கிரெட்டேசியக் கடலின் சிப்பிகள் இன்னொரு பக்கம் என்று அந்த மாவட்டத்தில் படமெடுக்க விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு கல்லுக்கு 300 படம், படத்துக்கு 25 எம்பி என்றால் கல்லுக்கு 7.5 ஜிபி. அதனால் ரவுட்டர் விஷயம் எனக்குப் பொழுதுபோக்கு ஆராய்ச்சி இல்லை, தினசரித் தேவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்புப் பகிர்வுக்கு ரவுட்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிசாகப் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. அந்தப் பெட்டி எத்தனை இணைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும், மேலே போகும் வரிசையை எப்படி ஒழுங்குபடுத்தும், இந்த இரண்டையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு.

இதில் என்ன அவ்வளவு முக்கியம்?

டோரன்ட் முறையில் ஒரு கோப்பு உயிரோடு இருப்பதற்கு ஒரே வழி, யாராவது ஒருவர் வீட்டில் அது முழுசாக இருந்து, அந்தக் கணினி இணைப்பில் இருப்பது. சீட் பண்ணுபவர் எண்ணிக்கை பூஜ்யமானால் கோப்பு செத்தது என்றே அர்த்தம். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 ஆகஸ்டில் தன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளை டோரன்ட்டாகவும் கொடுக்க ஆரம்பித்தது இந்தக் கணக்கில்தான்: பெரிய சர்வர் ஒன்றை மட்டும் நம்பாமல், பிரதிகள் பல வீடுகளில் பரவி இருக்கட்டும் என்று.

ஆனால் நம் ஊரில் வீட்டுக்கு ஒரே லைன்தான். அதே லைனில்தான் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, அம்மாவுக்கு இ-சஞ்சீவனியில் டாக்டரோடு வீடியோ பேச்சு, வெளிநாட்டிலிருக்கும் மாமாவுக்கு வாட்ஸ்அப் கால். நீங்கள் பகிர்வதால் இதெல்லாம் அறுந்தால், வீட்டில் என்ன சொல்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. "முதல்ல அந்தக் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணுடா." அத்தோடு ஒரு பிரதி குறைந்தது. வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் பகிர முடிந்தால்தான் அது வருஷக்கணக்கில் நடக்கும். எனவே ரவுட்டர் தேர்வுதான் அந்தப் பிரதி நிலைக்குமா என்பதை முடிவு செய்கிறது.

பாரத்நெட் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவதற்காகவே டான்ஃபிநெட் நிறுவனம் அமைக்கப்பட்டது. தனியார் லைன்களும் சின்ன ஊர்கள்வரை வந்துவிட்டன. லைன் வேகம் பெரும்பாலும் இன்றைக்குப் பிரச்சினை இல்லை. லைன் முடியும் இடத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில்தான் பிரச்சினை.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

"நெட் போயிடுச்சு" என்பது ஒரே வார்த்தை. ஆனால் அதுக்குள் குறைந்தது நான்கு வேறு நோய்கள் இருக்கின்றன. எது என்று தெரியாமல் ரவுட்டர் வாங்கினால் காசுதான் போகும்.

ஒன்று: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாட்ஸ்அப் கால் நன்றாக இருக்கிறது, ஆனால் புதிதாக எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது, சில மணி நேரத்திலோ சில நாளிலோ மறுபடி வருகிறது. இது இணைப்புப் பதிவேடு நிரம்பிய நோய்.

இரண்டு: எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் நத்தை மாதிரி. வீடியோ காலில் பேச்சு ரெண்டு மூணு நொடி தள்ளி வருகிறது. டோரன்ட்டை நிறுத்திய அடுத்த நொடியே சரியாகிவிடுகிறது. இது வரிசை வீங்கிய நோய்.

மூன்று: கேபிள் போட்ட கணினியில் பிரச்சினையே இல்லை, வைஃபையில் இருக்கும் போன்கள் மட்டும் தவிக்கின்றன. இது காற்றலை நெரிசல்.

நான்கு: ரவுட்டர் தானாகவே அணைந்து எழுகிறது, அதுவும் மத்தியான வெயிலில் அதிகம். இது சூடு, அல்லது சோனியான அடாப்டர்.

இதில் முதல் இரண்டும்தான் கோப்புப் பகிர்வுக்கே உரியவை. அவற்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

செருப்பு டோக்கன் கணக்கு

வீட்டில் பத்து சாதனம் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரியும் ஐபி முகவரி ஒன்றுதான். உள்ளே இருந்து ஒரு இணைப்பு வெளியே போகும்போது, "இது இன்ன கணினியிலிருந்து, இன்ன போர்ட்டிலிருந்து, இன்ன முகவரிக்குப் போனது" என்று ரவுட்டர் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்கிறது. பதில் வரும்போது அந்த வரியைப் பார்த்துத்தான் சரியான சாதனத்துக்கு அனுப்புகிறது. நாட் என்பது இதுதான். 

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறக்கும் என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை அங்கே செருப்புக் காப்பகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடிக்கு ஒரு டோக்கன், ஒரு டோக்கனுக்கு ஒரு அறை. அறைகள் நிரம்பிவிட்டால் புதிதாக வருபவருக்கு இடமில்லை. ஏற்கெனவே டோக்கன் வைத்திருப்பவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நோய் ஒன்றில் பழைய கால் ஓடுவதும் புதுப் பக்கம் திறக்காததும் இதனால்தான். ஒரு இணையதளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் கேள்விக்குக்கூட ஒரு புது டோக்கன் தேவை. அது கிடைக்காததால் உலாவி "சர்வரைக் காணோம்" என்கிறது.

சாதாரண வீட்டுப் பயன்பாட்டில் ஒரு சாதனத்துக்குச் சில டஜன் வரிகள் போதும். டோரன்ட் கதை வேறு. கியூபிட்டோரன்ட் செயலியின் இயல்பு அமைப்பிலேயே மொத்த இணைப்பு வரம்பு 500, டிரான்ஸ்மிஷனில் 200. இது போக டிஹெச்டி என்று ஒன்று இருக்கிறது. மையத்தில் டிராக்கர் எதுவும் இல்லாமலே யாரிடம் கோப்பு இருக்கிறது என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் முறை. ஒவ்வொரு விசாரணையும் ஒரு புது முகவரிக்கு ஒரு சின்ன யுடிபி பொட்டலம். பதில் வராவிட்டாலும் லினக்ஸ் அடிப்படை ரவுட்டரில் அந்த வரி 30 நொடி இருக்கும். நொடிக்கு 20 புது முகவரி விசாரித்தால் எந்த நேரமும் 600 வரிகள் இதற்கே போகும்.

செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறிப் போனவர்களும் உண்டு. அந்த அறையை எப்போது காலி செய்வது? லினக்ஸ் கர்னலின் இயல்பு அமைப்பில், முழுசாக நிறுவப்பட்ட ஒரு டிசிபி இணைப்பு ஒரு சத்தமும் இல்லாமல் போனாலும் அதன் வரியை 4,32,000 நொடி வைத்திருக்கும். கணக்குப் போட்டால் 5 நாள். டோரன்ட் உலகில் மறுமுனையில் இருப்பவர் லேப்டாப்பை மூடிவிட்டுப் போவது சகஜம். நிமிஷத்துக்கு ஒரு இணைப்பு இப்படி அனாதையானால் ஒரு நாளைக்கு 1,440. 5 நாளில் 7,200. பதிவேட்டில் இடம் 4,096 என்றால் மூன்றாம் நாளே நிரம்பிவிடும். "ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடுது" என்று பலர் சொல்வதற்கு விளக்கம் இந்தக் கணக்குதான்.

இவ்வளவு நேரம் காத்திருக்கத் தேவையே இல்லை. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5382 இந்தக் காத்திருப்பு 2 மணி 4 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று மட்டும்தான் கேட்கிறது. ஓபன்-டபிள்யூஆர்டி மென்பொருள் அதை அப்படியே 7,440 நொடியாக வைத்திருக்கிறது. அதே கணக்கில் அப்போது அனாதை வரிகள் 124ஐத் தாண்டாது. 7,200 எங்கே, 124 எங்கே! வன்பொருளை மாற்றாமல் ஒரு எண்ணை மாற்றியதற்கே இந்த வித்தியாசம்.

பதிவேட்டுக்கு இடம் எங்கிருந்து வருகிறது? ரவுட்டரின் ரேமிலிருந்து. ஒரு வரிக்குச் சுமார் 300 பைட் என்று வைத்துக்கொள்ளலாம். 16,384 வரிக்கு 5 எம்பி. 65,536 வரிக்கு 20 எம்பி. மொத்த ரேமே 32 எம்பி உள்ள மலிவு ரவுட்டரில் 20 எம்பியை இதுக்குக் கொடுத்தால் மற்ற வேலை நடக்காது. 128 எம்பி இருந்தால் தாராளம், 256 எம்பி இருந்தால் கவலையே இல்லை.

ஒரு நீலப் பெட்டியின் கதை

இந்த விஷயம் உலகுக்குப் புரிந்ததே டோரன்ட்டால்தான். பிராம் கோஹன் பிட்டோரன்ட்டை வெளியிட்டது 2001இல். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டர் கடைக்கு வந்தது 2002 டிசம்பரில். அதுக்குள் ஓடுவது லினக்ஸ் என்று பயனர்கள் கண்டுபிடித்து, ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலைக் கேட்டார்கள். 2003இல் நிரல் வெளிவந்தது. அதிலிருந்துதான் 2004இல் ஓபன்-டபிள்யூஆர்டி பிறந்தது. டிடி-டபிள்யூஆர்டியும் அதே காலத்துப் பிள்ளை. அந்த நாட்களில் டோரன்ட் பயனர்கள் முதலில் செய்தது, இணைப்பு வரம்பை 4,096 ஆக ஏற்றி, காத்திருப்பு நேரத்தைக் குறைத்ததுதான்.

2005இல் அதே பெயரில், அதே தோற்றத்தில் ஐந்தாம் பதிப்பு வந்தது. உள்ளே லினக்ஸ் போய் விஎக்ஸ்வொர்க்ஸ். ரேம் 16 எம்பியிலிருந்து 8 எம்பி. ஃபிளாஷ் 4 எம்பியிலிருந்து 2 எம்பி. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பிறகு பழைய உள்ளமைப்போடு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக ஒன்றை விற்றார்கள்.

இந்தக் கதையிலிருந்து இன்றைக்கும் உதவும் பாடம்: மாடல் பெயர் மட்டும் போதாது, பதிப்பு எண் முக்கியம். ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஸ்டிக்கரில் பதிப்பு போட்டிருக்கும். ஒரே மாடலின் இரண்டு பதிப்பில் சிப்பும் ரேமும் வேறாக இருப்பது இப்போதும் நடக்கிறது. ஓபன்-டபிள்யூஆர்டி திட்டத்தின் சாதனப் பட்டியலில் பதிப்புவாரியாக ரேம், ஃபிளாஷ், சிப்பு எல்லாம் இருக்கிறது. நீங்கள் அந்த மென்பொருளைப் போடாவிட்டாலும் வாங்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. கடைக்காரரிடம் ரேம் எவ்வளவு என்று கேட்டால் "ஆண்டெனா நாலு இருக்கு சார்" என்பார்.

திருமாந்துறை டோல்கேட்

இனி இரண்டாவது நோய். திருச்சி நெடுஞ்சாலையில் திருமாந்துறை டோல்கேட்டில் ஒரே ஒரு லேன் திறந்திருக்கிறது, முன்னால் வரிசையாக லாரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஆம்புலன்ஸும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். சாலை நன்றாகத்தான் இருக்கிறது. லாரியும் ஓடுகிறது. ஆம்புலன்ஸ் மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேராது.

உங்கள் அப்லோடு வேகம் 4 எம்பிபிஎஸ், மோடமில் வரிசை நிற்க 1 எம்பி இடம் இருக்கிறது என்றால், 1 எம்பி என்பது 8 மெகாபிட். அதை 4ஆல் வகுத்தால் 2 நொடி. டோரன்ட் அந்த இடத்தை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கும். ஆகவே அம்மா டாக்டரிடம் பேசும் ஒவ்வொரு சொல்லும் 2 நொடி வரிசையில் நின்றுதான் வெளியேறும். தொலைபேசிப் பேச்சு இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. 2 நொடி அதைப்போல் 13 மடங்குக்கு மேல்.

டவுன்லோடும் இதில் அடிபடும். ஒவ்வொரு தகவல் துண்டும் வந்து சேர்ந்ததுக்கு "வந்தது" என்று ஒப்புகை மேலே போக வேண்டும். அதுவும் அதே லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால், அனுப்புபவர் வேகத்தைக் குறைத்துவிடுவார்.

ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010இல் இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். வரிசை வீக்கம் என்று நாம் சொல்லலாம். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்ப்பதுதான் அதன் சூட்சுமம். அதோடு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை கொடுத்து, மெலிந்த ஓட்டத்துக்கு முன்னுரிமை தரும் எஃப்க்யூ-கோடெல் 2018இல் ஆர்எஃப்சி 8290 ஆக வந்தது. அதே வருஷம் கேக் என்ற மேம்பட்ட வடிவம் லினக்ஸ் 4.19இல் சேர்ந்தது. கேக்குக்கு இன்னொரு குணம் உண்டு: டோரன்ட் ஓடும் கணினி 500 இணைப்பு வைத்திருந்தாலும், அம்மாவின் போன் ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும், ஆளுக்குச் சமபங்கு என்று பிரிக்க அதனால் முடியும்.

ரவுட்டர் மெனுவில் இதை எஸ்க்யூஎம் என்ற பெயரில் பாருங்கள். வெறும் கியூஓஎஸ் என்று இருப்பது இதுவேதான் என்று நம்ப முடியாது. பல ரவுட்டர்களில் அது 'இந்தச் சாதனத்துக்கு முதலிடம்' என்று மட்டும் செய்யும்.

இதற்கு விலையும் உண்டு: சிப்பின் உழைப்பு. ஒவ்வொரு பொட்டலத்தையும் சிப்பு நின்று பார்க்க வேண்டியிருப்பதால், பழைய ஒற்றைக் கோர் மிப்ஸ் சிப்பு 100, 150 எம்பிபிஎஸ் தாண்டினாலே மூச்சு வாங்கும். 'வன்பொருள் ஆஃப்லோடு' என்ற குறுக்குவழியை இயக்கினால் வேகம் வரும், ஆனால் பொட்டலங்கள் இந்த ஒழுங்கைத் தாண்டிப் போய்விடும். இரண்டையும் ஒன்றாக எதிர்பார்க்க முடியாது. உங்கள் லைன் 300 எம்பிபிஎஸ் அல்லது அதுக்கு மேல் என்றால் இரட்டை அல்லது நான்கு கோர் ஏஆர்எம் சிப்பு உள்ளதாகப் பாருங்கள்.

ரவுட்டரால் தீராத ஒன்று

எவ்வளவு நல்ல ரவுட்டர் வாங்கினாலும் உதவாத இடம் ஒன்று இருக்கிறது. ஐபிவி4 முகவரிகள் உலக அளவில் 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டன. அதனால் பல நிறுவனங்கள் தங்கள் பக்கத்திலேயே இன்னொரு நாட் வைத்து, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். ஒரு முகவரியில் 65,535 போர்ட்தான். அதைப் பங்கு போடும்போது வீட்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் வைப்பார்கள். உங்கள் பதிவேட்டில் 65,536 வரி இருந்தாலும் அங்கே இடம் இல்லை என்றால் இல்லைதான்.

கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை எதிலாவது ஆரம்பித்தாலோ, 10 என்று ஆரம்பித்தாலோ நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அப்படியானால் வெளியிலிருந்து யாரும் உங்களிடம் நேராக வர முடியாது. நீங்கள்தான் மற்றவர்களைத் தேடிப் போக வேண்டும். இருவருமே இப்படி இருந்தால் ஒருவரையொருவர் நேரடியாக எட்டுவது கஷ்டம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் எங்கள் கோப்பு நடுவில் ஒரு ரிலே சர்வரைச் சுற்றி வந்துகொண்டிருந்தது இதனால்தான்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, கூடுதல் கட்டணம் கட்டி நிலையான பொது ஐபி வாங்குவது. இரண்டு பேரில் ஒருத்தர் வாங்கினாலே போதும். இரண்டாவது, ஐபிவி6. இதில் ஒவ்வொரு சாதனத்துக்கும் சொந்த முகவரி இருப்பதால் நாட் தொல்லையே கிடையாது. இந்தியாவில் ஐபிவி6 பரவல் நன்றாகவே இருக்கிறது. ரவுட்டரில் அதை இயக்கி, ஃபயர்வாலில் டோரன்ட் போர்ட் ஒன்றை மட்டும் திறந்தால் போதும். ஆகவே வாங்கும் ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் விதிகளை நாமே எழுத முடியுமா என்றும் பாருங்கள். யுபிஎன்பி என்ற தானியங்கி வழியை நான் அணைத்தே வைக்கிறேன். வீட்டிலிருக்கும் எந்தச் சாதனமும் கேட்காமலே கதவைத் திறந்துகொள்ளும் வசதி அது.

நிறுவனம் கொடுத்த பெட்டியை என்ன செய்வது?

ஃபைபர் லைனில் கண்ணாடி இழை வந்து முடியும் ஓஎன்டி பெட்டியே ரவுட்டராகவும் இருக்கும். அதைக் கழற்றிப் போட முடியாது. பின்னால் உங்கள் ரவுட்டரைச் சும்மா சொருகினால் இரண்டு பதிவேடு ஆகிவிடும். சின்னது நிரம்பினால் பெரியது இருந்தும் பயனில்லை. லைன் போட வரும் கேபிள்காரரிடம் "பிரிட்ஜ் மோடுல போட்டுக் குடுங்கண்ணே, பிபிபிஓஇ என் ரவுட்டர்ல போட்டுக்கறேன்" என்று கேளுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் மோடு தர மாட்டோம் என்றால், புது ரவுட்டருக்குப் பணம் போடும் முன் யோசிப்பது நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை, முக்கிய வரிசையில்

1. ரேம் 128 எம்பிக்குக் குறையாமல்; முடிந்தால் 256. ஃபிளாஷ் 16 எம்பிக்குக் குறையாமல். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் உள்ள சாதனங்களை ஓபன்-டபிள்யூஆர்டி 19.07க்குப் பிறகு கைவிட்டுவிட்டது.

2. எஸ்க்யூஎம் இருக்க வேண்டும், அல்லது ஓபன்-டபிள்யூஆர்டி போட முடிய வேண்டும். உங்கள் பதிப்பு எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தபின் வாங்குங்கள்.

3. எல்லா லேன் போர்ட்டும் கிகாபிட். வைஃபைக்கு 'ஏசி1200' என்று போட்டிருக்கும், அது 2.4 கிகாஹெர்ட்ஸின் 300ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867ஐயும் கூட்டி ஏற்றிச் சொன்ன எண். ஒரே சாதனத்துக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்காது. அந்த 1200 வகையிலேயே டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50 போன்றவற்றில் கேபிள் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான்.

4. காற்றோட்டம். பெரம்பலூர் சித்திரை வெயிலில் மூடிய ஷோகேஸுக்குள் ரவுட்டரை வைத்தால் எந்தக் கம்பெனிப் பெட்டியும் தாங்காது. அரியலூரில் சிமெண்ட் லாரி ஓடும் ரோட்டோரத்து வீடு என்றால் துவாரங்களில் தூசி அடைக்கும்; மாதம் ஒருமுறை துடையுங்கள்.

5. மின்சாரம். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட். ஆம்பியர் 1, 1.5, 2 என்று மாறும். மினி யுபிஎஸ் வாங்கும்போது அந்த ஆம்பியருக்குக் குறையாமல் பாருங்கள். ஓஎன்டிக்கும் சேர்த்து வாங்க வேண்டும். ஒன்று மட்டும் உயிரோடு இருந்து புண்ணியமில்லை.

ஆண்டெனா எண்ணிக்கை, 'கேமிங்' என்ற வார்த்தை, சிவப்பு விளக்கு, இவை இந்தப் பட்டியலில் இல்லை.

காசு செலவழிக்கும் முன் இருக்கும் ரவுட்டரில்

டோரன்ட் செயலியில் மொத்த இணைப்பு வரம்பை 150க்கு இறக்குங்கள். ஒரே நேரத்தில் ஓடும் டோரன்ட் மூன்று நான்கு போதும். அப்லோடு வேகத்தை, சோதித்துப் பார்த்த வேகத்தில் 70 முதல் 80 சதவீதத்துக்கு வரம்பிடுங்கள். யூடிபி என்ற முறையை இயக்கத்திலேயே வையுங்கள். தாமதம் 100 மில்லிநொடியை நெருங்கினால் தானாக ஒதுங்கி வழிவிடும் குணம் அதற்கு உண்டு. டோரன்ட் கணினியைக் கேபிளில் போடுங்கள், வைஃபை வீட்டாருக்கு. எஸ்க்யூஎம் கிடைத்துவிட்டால், அதில் லைன் வேகத்தின் 85 முதல் 95 சதவீதத்தைக் கொடுங்கள். அப்போதுதான் வரிசை மோடமில் நிற்காமல் ரவுட்டரில் நிற்கும், ரவுட்டரும் அதை ஒழுங்குபடுத்தும்.

பிறகு ஒரு சோதனை. டோரன்ட்டை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் பிங் பாருங்கள். முழு வேகத்தில் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். 20 மில்லிநொடி 40 ஆனால் கவலை இல்லை. 20 என்பது 800 ஆனால் வரிசை வீக்கம். பிங் நன்றாக இருந்தும் புதுப் பக்கம் திறக்கவில்லை என்றால் பதிவேடு. பலருக்கு இந்தக் கட்டத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும், புது ரவுட்டரே தேவைப்படாது.

இரண்டே வீடுகளுக்கு இடையில் பகிர்வது என்றால் டோரன்ட்டும் தேவையில்லை. சிங்க்திங் என்ற இலவச மென்பொருள் ஒரு கோப்புறையை இரு பக்கமும் ஒன்றாகவே வைத்திருக்கும். இணைப்பும் சில மட்டுமே. 40 எம்பிபிஎஸ் அப்லோடில் 40 ஜிபி அனுப்ப 2 மணி 13 நிமிடம். ராத்திரி போட்டால் காலையில் இருக்கும். மொத்தமாக 2 டிபி கொடுக்க வேண்டும் என்றால் நான் ஹார்ட் டிஸ்க்கோடு அரியலூர் பஸ் ஏறிவிடுவேன். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அது 4,444 எம்பிபிஎஸ். எந்த ரவுட்டரும் கிட்டே வராது. பல 'அன்லிமிடெட்' திட்டங்களில் மாதம் 3.3 டிபி என்ற வரம்பு இருக்கிறது. பஸ்ஸுக்கு அதுவும் கிடையாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை

டோரன்ட் என்றாலே குற்றம் என்ற எண்ணம் நம் ஊரில் வலுவாக இருக்கிறது. 2012இல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் யார் என்று பெயரிடாத எதிர்வாதிகளுக்கு எதிராகத் தடை உத்தரவு கொடுத்தது. அதைக் காட்டி இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுசாக முடக்கின. அந்த ஜூனில் நீதிமன்றம், குறிப்பிட்ட திருட்டுப் பிரதி இருக்கும் முகவரிக்கு மட்டும்தான் உத்தரவு, தளம் முழுமைக்கும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. அதே தெளிவு நமக்கும் வேண்டும். டோரன்ட் ஒரு வண்டி. என்ன ஏற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு காப்புரிமை. 1950இல் மறைந்தவரின் எழுத்து 2011 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் பொது. அதைத் தயங்காமல் ஏற்றலாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது 256 எம்பி ரேம் உள்ள, ஓபன்-டபிள்யூஆர்டி போட்ட, ஆண்டெனாவே வெளியே தெரியாத ஒரு வெள்ளைப் பெட்டி. பதிவேட்டில் இந்த வரியை எழுதும்போது 1,900 சொச்சம் வரிகள், இடம் 16,384க்கு. பின்னணியில் 60 டோரன்ட் வரிசையில் இருக்கிறது, பக்கத்து அறையில் வகுப்பு நடக்கிறது. உங்கள் ரவுட்டரின் மாடலையும் பதிப்பு எண்ணையும், பிங் சோதனையின் இரண்டு எண்களையும் எழுதி அனுப்பினால், புதுசு வாங்கத் தேவையா இல்லையா என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.